ஒரே பைப்பில் கரண்டும் மைக்கும்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் ரெக்கார்டிங் அறை அமைக்கும்போது, வயரிங் வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: மைக் கேபிளையும் கரண்ட் வயரையும் ஒரே பைப்பில் இழுக்காதீர்கள்! "எல்லாம் வயர்தானே தம்பி, சுவரை எதுக்கு ரெண்டு தடவை உடைக்கணும்?" என்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவரில் உளி வைக்க எனக்கும் மனசு வராது. ஆனால் மெயின் போர்டு வீட்டு முகப்பில், ரெக்கார்டிங் அறையோ உள்ளே தள்ளி, இரண்டாம் கட்டுப் பகுதியில். அவ்வளவு தூரமும் இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால்? ஹெட்போனை மாட்டியதும் 'ம்ம்ம்' என்று விடாத இரைச்சல். மைக்கில் வருவது மில்லிவோல்ட் கணக்கு. பக்கத்தில் ஓடுவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஏறத்தானே செய்யும்!

பேலன்ஸ்டு கேபிள் (ஒரே சிக்னலை இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி, இரண்டிலும் ஒரேபோல ஏறும் இரைச்சலைக் கழித்துவிடுவது) போட்டால் இரைச்சலில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும், சரி. கிடார் வயருக்கு அந்த வசதி இல்லையே. ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். கேட்பது இவ்வளவுதான்.

எர்த் விஷயம் இன்னும் மோசம். பழைய வீடுகளில் பல பிளக் பாயிண்டுகளில் எர்த்தே கிடையாது. எர்த் இருக்கிற இடத்திலும் கம்ப்யூட்டருக்கு ஓர் அறையிலிருந்து, ஆடியோ மிக்சருக்கு வேறு அறையிலிருந்து என்று கரண்ட் எடுத்தால் கிரவுண்ட் லூப் (இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து வளையமாகி, அதில் கரண்ட் ஓடுவது) வந்து அதுவும் இரைகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் கொடுங்கள் என்றால், எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்கிறார் ஒருவர். இரைச்சல் நிற்கலாம். மைக்கைப் பிடித்துப் பாடுகிறவருக்கு ஷாக் அடித்தால் யார் பொறுப்பு?