எரிக் கார்ல் அந்த வயிற்றுவலியை எதிர்க்கவில்லை

'தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்' என்ற குழந்தைகள் படக்கதையில் புழுவுக்கு வயிற்றுவலி வரக்கூடாது என்று பதிப்பாளருடன் சண்டை போட்டதாக, அதை எழுதிய எரிக் கார்லே சொன்னார் என்று ஒரு மேற்கோளை உங்கள் பதிவில் பகிர்ந்திருக்கிறீர்கள். அந்த மேற்கோள் அவருடையதே இல்லை. பாரிஸ் ரிவ்யூ இதழின் தளத்தில் 2015 ஏப்ரல் முதல் தேதி முட்டாள்கள் தினத்துக்காக வந்த கற்பனைப் பேட்டி அது. 2021 மே மாதம் அவர் இறந்தபோது பலரும் உண்மை என்று நம்பிப் பரப்பிவிட்டார்கள்.

உண்மையில் பதிப்பாசிரியரோடு அவருக்கு நல்ல இணக்கம். காகிதத்தில் ஓட்டை போடும்போது அவருக்குத் தோன்றியது ஒரு புத்தகப்புழு. அதைக் கம்பளிப்புழுவாக்கலாம் என்றவர் பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ். 'உடனே பட்டாம்பூச்சி!' என்றாராம் கார்ல். துளையிட்ட பக்கங்களைக் கட்டுப்படியாகும் விலையில் அச்சிட அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், ஜப்பானில் அச்சகம் தேடியவரும் பெனடூஸ்தான். 1969இல் புத்தகம் வந்தது.

இன்னொன்று, கார்ல் ஜெர்மனியில் பிறந்தவர் அல்லர். பிறந்தது நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில், 1929இல். ஆறு வயதில் பெற்றோருடன் ஸ்டுட்கார்ட் போனார். போர்க்காலம் முழுக்க அங்கேதான். 1952இல்தான் திரும்பினார்.

தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.