சின்ன ஸ்கிட்தானே சார்

ஒரு பள்ளியிலிருந்து எனக்கு வந்த அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டவர்களுக்கு மறுபடி விளக்கத் தேவையில்லை. கேட்காதவர்கள் அப்படியே விட்டுவிடுங்கள், பிபியாவது ஏறாமல் இருக்கும். "ஆண்டு விழாவுக்கு ஒரு இருபது நிமிஷம், சின்ன ஸ்கிட்தானே சார், மூணு நாள்ல ரெடி பண்ணிருங்க. மேடையில பொன்னாடை போத்திடறோம். உங்களுக்கும் ஒரு விளம்பரம் ஆச்சு." சொன்னவர் நீச்சல்குளம் வைத்திருக்கும் பள்ளியின் கரஸ்பாண்டன்ட்.

ஐயா, இது வேலை. பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பது நான் பார்க்கிற வேலை. வேலைக்குச் சம்பளம் உண்டு. அதைக் கேட்டேன்.

"கலைக்குக் காசு கேக்கலாமா?" என்று நேற்றிலிருந்து ஒரே உபதேசம். கேட்கலாம். அதே விழாவுக்கு மைக்செட்காரருக்கு அட்வான்ஸ் போயிருக்கும், பந்தல்காரருக்குப் போயிருக்கும். அவர்களிடம் போய் விளம்பரம் ஆகும் என்று சொல்லிப் பாருங்களேன். தமிழ் நாடகத்தின் முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் காசு பார்த்தாரா என்றார் இன்னொருவர். சுவாமிகள் மதுரையில் பாலர் சபை என்று சிறுவர் நாடகக் குழு வைத்தாரே, அதில் பின்னாளில் பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்தது வீட்டில் அடுப்பு எரியத்தான். வரலாற்றை இழுத்தால் முழுசாக இழுக்க வேண்டும்.

இன்னொன்று. மூன்று நாளில் வசனம் மனப்பாடம் பண்ண வைப்பதற்குப் பெயர் நாடகக் கல்வி இல்லை. ஒரு ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக நின்று கைகோக்கச் சொன்னேன். வட்டம் ஓரிடத்தில் அறுந்தே நின்றது. இரண்டு பையன்கள் கையைப் பிடிக்காமல் கர்ச்சீப்பின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவன் செய்வதை எதிரில் நிற்பவன் அப்படியே செய்யும் கண்ணாடி விளையாட்டு, கண்ணைக் கட்டிய ஒருவனை இன்னொருவன் நடத்திப் போகும் விளையாட்டு என்று வாரக்கணக்கில் போனது. ஒருநாள் கர்ச்சீப் பையிலேயே இருந்தது. அன்றைக்குத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துக் கேட்டது: "ரிகர்சல் எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளி, கைக்காசு போட்டு டீ வாங்கித் தந்தவர். அங்கெல்லாம் பஸ் காசுக்குப் போயிருக்கிறேன், இனியும் போவேன். நீச்சல்குளத்துக்கும் அதே சலுகை கிடையாது.

"நாடகம் படிச்சா மார்க் வருமா?" யாழ்ப்பாணத்தில் கேளுங்கள். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரப் பரீட்சைக்கே (நம்ம பிளஸ் டூ மாதிரி) ஒரு பாடம். அங்கே நாடகாசிரியர் 'குழந்தை' ம. சண்முகலிங்கம் 1970களின் கடைசியிலேயே சிறுவர் அரங்கைத் தொடங்கிவிட்டார். இங்கே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி. படித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளை எந்தப் பள்ளியில் போய் வேலை கேட்கும்? 2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம் இருந்தது, இசை இருந்தது, தையல் இருந்தது. மாதம் 5,000 ரூபாய். அந்த 5,000 ரூபாய்ப் பட்டியலில்கூட நாடகத்துக்கு இடமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் கலைத் திருவிழாப் போட்டி சீசன் வந்தால் மட்டும் போன் ஓயாது. அந்தத் திருவிழா நல்லது, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டி முடிந்த மறுவாரம் என் நம்பர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதைச் சொல்கிறேன்.

"டிவி பக்கம் போயிருக்கலாமே?" இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. என் கல்யாணத்தில் மாமா ஒருவர் பெண் வீட்டாரிடம் "மாப்பிள்ளை ஸ்கூல்ல டான்ஸ் மாஸ்டர்" என்று அறிமுகப்படுத்தினார். டான்ஸ் மாஸ்டர் என்றால் மரியாதை கூடுதலாம். மகள் பள்ளியில் அப்பாவின் தொழில் என்று கேட்ட இடத்தில் என் வீட்டம்மா 'சுயதொழில்' என்று எழுதினாள். கோபப்பட்டேன். "வேற என்ன எழுதச் சொல்றீங்க, சம்பளச் சீட்டு இருக்கா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை, அதுதான் வலிக்கிறது.

திமிர் பிடித்துவிட்டது என்பவர்களுக்கு: ஆமாம். வாரம் இரண்டு பீரியட், குறைந்தது ஒரு டெர்ம், பாதிச் சம்பளம் முன்பணம். மேடை ஏறுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்வார்கள். ஜிபே பழைய நம்பர்தான்.