கடனுக்கு முன் கோலா கொட்டை

உலக இலக்கியம் படித்தால் பிற பண்பாடுகள் புரியும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். முழுமனதாக ஏற்கிறேன். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் முதல் நாவலான, 1958இல் வெளிவந்த 'Things Fall Apart'இல், கொடுத்த கடனைக் கேட்க ஒருவர் பக்கத்து வீட்டுக்கு வருகிறார். வந்ததும் கேட்டுவிடவில்லை. விருந்தினரை வரவேற்கத் தரும் கோலா கொட்டையை யார் உடைப்பது என்று இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுக்கிறார்கள், முன்னோரை வேண்டுகிறார்கள், ஊர்க்கதை பேசுகிறார்கள். பிறகுதான், அதுவும் பழமொழிகளால் சுற்றிவளைத்து, கடன் பேச்சு வருகிறது. நைஜீரியாவின் இக்போ மக்களின் மரியாதையை எந்தப் பாடநூலும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. ஆனால் ஒரே நாவலோடு நின்றுவிடக் கூடாது. அதே சமூகத்தைப் பெண்ணின் பக்கமிருந்து பார்க்க, இக்போ பெண் எழுத்தாளர் புச்சி எமெசெட்டாவையும் படியுங்கள். அச்செபேயிடம் ஓரமாக நிற்கும் தாய்மார்கள் அங்கே வாய் திறந்து பேசுகிறார்கள்.