வேரில்லாத தீவு என்று சொன்னீர்களே, அதைப் பற்றி

இங்கே பலெர்மோவில், சிசிலித் தீவின் தலைநகரில், நம் தமிழர் விழாவுக்கு வந்த விருந்தினர் சிசிலியை வேரில்லாத தீவு என்று பேசிய வீடியோவை இதுவரை எனக்குப் பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். இனி யாரும் அனுப்ப வேண்டாம். நான் மண்டபத்திலேயே இருந்தேன், மூன்றாவது வரிசையில், மகளுக்குப் பக்கத்தில். "சிசிலிக்காரருக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை, வந்தவன் போனவன் விட்டுப் போனதைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள், நம் பிள்ளைகள் இப்படிக் கலந்து கெட்டுப் போகக் கூடாது" என்று விருந்தினர் சொன்னபோது நம்மவர்கள் கைதட்டினார்கள். பேசியவர் இரண்டு நாள் நின்றுவிட்டுப் போய்விட்டார். கைதட்டியவர்கள் பலெர்மோவில் இருபது வருடமாகச் சோறு தின்கிறவர்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

சொந்தமாக எதுவும் இல்லையாம். சிரகூசாவுக்குச் சுற்றுலா போய்ப் படம் போட்டீர்களே, அந்தப் பெரிய தேவாலயத்துக்குள் போனீர்களா? சுவரைப் பார்த்தீர்களா? அந்தச் சுவருக்குள் பிதுங்கிக்கொண்டு நிற்கிற பருத்த தூண்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கர் தங்கள் தெய்வம் அதீனாவுக்குக் கட்டிய கோயிலின் தூண்கள். கொரிந்திலிருந்து கப்பலேறி வந்து கி.மு. 733 வாக்கில் அந்த ஊரை அமைத்தவர்களின் பிள்ளைகள் கட்டியது. பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் அதை இடிக்கவில்லை. தூணுக்கும் தூணுக்கும் இடையில் கல் அடுக்கி மூடி, தேவாலயம் ஆக்கினார்கள். 878-இல் அரபுப் படை ஊரைப் பிடித்த பிறகு பள்ளிவாசல். பிரான்சின் வடக்கிலிருந்து நார்மன்காரர் வந்த பிறகு மறுபடி தேவாலயம். 1693 பூகம்பத்துக்குப் பிறகு முகப்பைப் புதிதாகக் கட்டினார்கள். நான் போனபோது ஒரு கிழவர் அந்தத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத் தூண், அவருக்குச் சாய்மானம். அது அவருடையது இல்லை என்றால் வேறு யாருடையது?

வந்தவர்கள் வந்தவர்கள் என்கிறீர்கள். சரி, யார் வராதவர்கள்? சிசிலி என்ற பெயர் சிக்குலி என்ற பழங்குடியிடமிருந்து வந்தது. அவர்களே இத்தாலிக் கரையிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் என்றுதான் கிரேக்கர் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் இருக்கிற பலெர்மோ, லெபனான் கரையிலிருந்து கடல் வணிகம் செய்த பினீசியர் அமைத்த ஊர். கிரேக்கர் வைத்த பெயர் பனோர்மோஸ், எங்கும் துறைமுகம் என்று அர்த்தம். அரபு வாயில் அது பலார்ம் ஆனது, அப்புறம் பலெர்மோ. ஊரின் பெயரிலேயே இத்தனை பேருடைய நாக்கு பட்டிருக்கிறது.

நான் இந்தத் தீவின் வரலாற்றைப் புத்தகத்தில் தொடங்கவில்லை. பத்து வருடம் ஒரு வயோதிப அம்மாவைப் பராமரித்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, இப்போது உயிரோடு இல்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை விட "ஃபிக்யா", மகளே, என்று கூப்பிட்டதுதான் அதிகம். கோடையில் ஊருக்கு வெளியே இருக்கும் அவரது எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போவோம். அங்கே கல்லால் கட்டிய சதுரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று, உள்சுவரெல்லாம் பாசி, அடியில் துணி சுற்றிய மரக்கட்டை அடைப்பு. தொட்டியின் பெயர் ஜெப்பியா. அடைப்பைப் பிடுங்கினால் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலின் பெயர் சாயா. இரண்டும் அரபுச் சொற்கள். தோட்டக்காரர் மண்வெட்டியால் ஒரு மரத்தின் பாத்தியை மறித்து அடுத்த மரத்துக்குத் திருப்பினார். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஐயா மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணி மாறினது அச்சொட்டாக அப்படித்தான். ஆயிரம் வருடத்துக்கு முன் அரபுக்காரர் கற்றுக்கொடுத்த நீர்ப்பாசனம் என்று அந்த அம்மா சொன்னார். அவர் அதை "அரபுக்காரருடைய தொட்டி" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "என் தாத்தாவின் தொட்டி" என்றுதான் சொல்வார்.

நத்தாருக்கு எள்ளும் தேனும் வாதுமையும் சேர்த்துப் பாகு காய்ச்சித் துண்டு போடுவார், குப்பாய்த்தா. வாயில் போட்டால் நம் எள்ளுருண்டைதான். எள்ளுக்கு இங்கே ஜுஜ்ஜுலேனா, அரபு ஜுல்ஜுலானிலிருந்து வந்தது. தொட்டிலுக்கு நாக்கா, அது கிரேக்கம். வாங்குவதற்கு அக்கத்தாரி, நார்மன்காரரின் பிரெஞ்சு. கைக்குட்டைக்கு முக்கத்தூரி, ஸ்பெயினிலிருந்து கற்றலான்காரர் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுகிற கிழவியிடம் போய் "உங்களுக்குச் சொந்த மொழி இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒருவர் வருவார் என்று தெரியும். "அப்படியானால் படையெடுப்பு எல்லாம் நல்லதா? ரத்தம் சிந்தவில்லையா?" சிந்தியது. நான் மறைக்கவில்லை. கி.மு. 212-இல் ரோமர் சிரகூசாவைப் பிடித்தபோது ஆர்க்கிமிடிசையே ஒரு படைவீரன் வெட்டிப் போட்டான். ரோமருடைய பெருந்தோட்டங்களில் வதைபட்ட அடிமைகள் என்னா நகரில் கிளர்ந்தெழுந்து பல வருடம் போரிட்டார்கள். அரபுப் படை 827-இல் மசாராவில் இறங்கியதிலிருந்து முழுத் தீவையும் பிடிக்க நூறு வருடத்துக்கும் மேல் சண்டை நடந்தது. பிறகு நார்மன் ஆட்சியிலேயே முஸ்லிம்கள் மீது படுகொலைகள் நடந்தன. இரண்டாம் பிரெடரிக், உலகமே வியக்கும் அறிவாளி அரசன் என்று புகழ்கிறார்களே, அவன்தான் மிஞ்சிய முஸ்லிம்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்து இத்தாலிப் பெருநிலத்தில் இருக்கிற லுச்சேராவுக்கு அனுப்பினான். அங்கேயும் அவர்களை விடவில்லை. 1300-இல் அந்தக் குடியிருப்பையும் அழித்து ஆட்களை அடிமைகளாக விற்றார்கள். ரோமர் காலத்திலிருந்து இங்கே வாழ்ந்த யூதர்களை 1492-இல் ஸ்பானிய அரசாணை துரத்தியது.

ஆனால் பாருங்கள், தீவு எதை இழந்தது, எப்போது இழந்தது என்று. கலந்ததால் எதுவும் அழியவில்லை. பிடுங்கி எறிந்தபோதுதான் அழிந்தது. விருந்தினர் தலைகீழாகச் சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள்.

"குடியேற்றத்தை நியாயப்படுத்துகிறாயா? நம் ஊரில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டதா?" மண்டப வாசலில் ஒரு அண்ணா என்னிடம் இதைக் கேட்டேவிட்டார். அண்ணா, இதை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவள் நான். ஒருவரைத் துரத்திவிட்டு அந்தக் காணியில் இன்னொருவரைக் கொண்டுவந்து இருத்துவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அதனால்தான் லுச்சேரா கதையைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. துரத்தப்பட்டவர்கள் நாங்கள் என்றால், துரத்தியவர்களின் நியாயத்தை நம் வாயால் பேசலாமா? "கலப்பு", "சுத்தம்" என்ற சொற்களை எங்கள் மேடைக்குக் கொண்டுவரலாமா?

"அப்படியென்றால் தமிழை விட்டுவிடச் சொல்கிறாயா?" இல்லை. என் மகளை ஞாயிறு தவறாமல் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன், மழையானாலும். பலெர்மோவுக்குத் தெற்கே மலையில் பியானா தெல்யி அல்பனேசி என்ற ஊர் இருக்கிறது. துருக்கியருக்குத் தப்பி வந்த அல்பேனியர்கள் 1488-இல் அமைத்தது. ஐந்நூறு வருடத்துக்கு மேலாகியும் வீட்டில் அர்பரேஷ் என்ற தங்கள் அல்பேனிய மொழியைப் பேசுகிறார்கள், கிரேக்க முறையில் பூசை வைக்கிறார்கள், ஊர்ப் பலகையில் இரண்டு மொழி. சிசிலிக்காரர் இல்லையா என்று அவர்களிடம் கேட்டால் கோபம் வரும். மொழியைக் காப்பாற்ற அடுத்தவனை இழிவாகப் பேச வேண்டியதில்லை என்பதற்கு, பேருந்து ஏறிப் போகிற தூரத்தில் அவர்கள் இருக்கிறார்கள். விருந்தினருக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியாதா?

பொருக்குத்தட்டிய புண்ணைக் கிளறினால் எல்லாம்தான் வரும். மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குச் செருப்பில்லாமல் ஏறி, பலெர்மோவின் காவல் புனிதை ரோசாலியா அம்மாவுக்கு நேர்த்தி வைக்கிறோமே, சைவக்காரரும் வேதக்காரரும் சேர்ந்து. எங்களைப் பார்த்து யாராவது "வெளியாட்களுக்கு இங்கே என்ன வேலை" என்று கேட்டார்களா? அந்தப் புனிதையே நார்மன் பிரபுக் குடும்பத்துப் பெண் என்பதுதான் மரபு. அதே பலெர்மோவின் இன்னொரு காவலர் புனித பெனடெட்டோ, ஆபிரிக்க அடிமைகளுக்குப் பிறந்த கறுப்பு மனிதர். கொள்ளைநோய்க் காலத்தில் ரோசாலியாவை அழைத்த ஊர், அடிமையின் மகனுக்கும் விளக்கேற்றுகிறது. அந்த ஊரின் மண்டபத்தை எடுத்து, அந்த ஊர்க்காரரைப் பொறுக்கிகள் என்று பேசக் கேட்டுக் கைதட்டினோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்: "அம்மா, அவர் என்னைத்தான் சொன்னவரா?" அவளுக்குப் பதினான்கு வயது. இங்கே பிறந்தவள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மறுநாள் வேலை முடிந்து அவளை சீசா அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். நார்மன் அரசர்கள் அரபுக் கைவினைஞர்களை வைத்துக் கட்டிய கோடை மாளிகை, பெயரே அரபு. உள்ளே ஒரு சிறிய பளிங்குக் கல் இருக்கிறது. கிரிசாந்தோ என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு 1149-இல் வைத்த நினைவுக்கல். நடுவில் சிலுவை. சுற்றி நான்கு பக்கமும் நான்கு எழுத்து: லத்தீன், கிரேக்கம், அரபு, பிறகு எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. ஒவ்வொன்றிலும் திகதி அந்தந்த மக்களின் நாட்காட்டிப்படி. தன் தாய் செத்ததை ஊரில் எல்லோரும் தங்கள் தங்கள் எழுத்தில் வாசிக்க வேண்டும் என்று அந்த மகன் நினைத்திருக்கிறான். மகள் கண்ணாடிக்குக் கிட்டே போய் நான்கையும் விரலால் எண்ணினாள். "இதில் தமிழும் இருந்திருக்கலாம்" என்றாள்.

வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறோம். கைதட்டியவர்களில் யாராவது பிள்ளைகளோடு வந்தால் நுழைவுச்சீட்டு நான் எடுக்கிறேன். காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பேன்.