தயாரா என்று கேட்க நீங்கள் யார்?

போன ஞாயிற்றுக்கிழமையும் கேம் நடக்கவில்லை. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடி, பாய் விரித்தாகிவிட்டது, பகடை இருக்கிறது, விளையாட ஆட்கள் வந்தாகிவிட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் வரும் பாத்திரங்களாகப் பகடை உருட்டி விளையாடும் ஆட்டம். அதை நடத்தவும் ஒருத்தி ஆசையாக வந்திருந்தாள். அவளைத்தான் நடத்த விடவில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். வழியில் அரியாங்குப்பம் வருகிறதே, அங்கிருக்கும் அரிக்கமேட்டை வைத்தே ஒரு சாகசம் எழுதியிருந்தாள். 1945ல் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மட்பாண்டங்களை வெளியே எடுத்த அதே மேடு. அவள் கதையில், கடல் தாண்டி வந்த ஒயின் ஜாடிகளில் ஒன்று மட்டும் உள்ளிருந்து தட்டுகிறது. கப்பல்காரனுக்கு விடிவதற்குள் அதை விற்றாக வேண்டும். பாசிமணி செய்யும் பட்டறைக்காரர் அதைத் திறக்கவே கூடாது என்கிறார். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் சீனியர் அண்ணன் ஒருவருக்கு வேண்டியிருந்தது. "மூணு ரூல் புக்கும் முழுசா படிச்சியாம்மா? எதிரியை மடக்கிப் பிடிக்க என்ன விதி, சொல்லு பார்ப்போம்." அவள் தடுமாறினாள். "இன்னும் கொஞ்சம் தயாராயிட்டு வாம்மா." அவ்வளவுதான், நோட்டை மூடிவிட்டாள்.

எனக்கு வயிறு எரிகிறது. இது என்ன டிஎன்பிஎஸ்சி பரீட்சையா? 2014ல் வந்த அந்த மூன்று புத்தகங்களும் ஒவ்வொன்றும் 300 பக்கத்துக்கு மேல். மனப்பாடம் செய்யவா அச்சடித்தார்கள்? தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கத்தானே! அதே 2014ல் புதியவர்களுக்கென்று வந்த பெட்டியில் விதிப் புத்தகம் 32 பக்கம், சாகசம் 64 பக்கம். அதை வைத்துக்கொண்டே நடத்தலாம் என்று வெளியிட்டவர்களே சொன்னார்கள். கைகாக்ஸும் ஆர்னசனும் 1974ல் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தபோது பெட்டியில் இருந்ததும் மூன்று சின்னப் புத்தகங்கள்தான்.

ஒருவர் தயாரா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது வேறு. ஓர் இடம் இருக்கிறதா, அங்கே யாருக்கோ ஏதோ அவசரமாக வேண்டுமா, குறுக்கே ஏதாவது நிற்கிறதா? அவளிடம் மூன்றும் இருந்தன. இருபது முகப் பகடையை உருட்டி, கூட்ட வேண்டியதைக் கூட்டி, சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 எட்டுகிறதா என்று பார்க்கத் தெரிந்தால் முதல் நாளுக்குப் போதும். தெரியாத விதி வந்தால் நியாயமாகப் படுவதைச் சொல்லிவிட்டு ஆட்டத்தை நகர்த்து. புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அனுபவசாலிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

உண்மையில் கடினமானது வேறு. விளையாடுகிறவர்கள் ஜாடியைத் திறப்பார்கள் என்று நீ காத்திருப்பாய், அவர்கள் தூக்கி ஆற்றில் போடுவார்கள். சரி, அப்புறம் என்ன ஆகும் என்று அந்த நிமிடத்தில் சொல்ல வேண்டும். இது எந்தப் பக்கத்திலும் இல்லை, மேசையில் உட்கார்ந்தால்தான் வரும். உட்காரவே விடாமல் தயாராகு, தயாராகு என்றால் எங்கே போய்த் தயாராவது?

யூடியூபில் தொழில்முறை நடிகர்கள் குரல் மாற்றி மாற்றி ஆடுவதைப் பார்த்துவிட்டு, அதை ஒரு கல்லூரிப் பெண்ணிடம் முதல் நாளே எதிர்பார்ப்பதும் இதே அநியாயம்தான்.

இதில் கொடுமை, அந்த அண்ணனும் நடத்துவதில்லை. வேலை இருக்கிறதாம். தானும் நடத்தாமல், நடத்த வருகிறவளையும் கேள்வி கேட்டே துரத்தினால் புதுச்சேரியில் இந்த விளையாட்டு எப்படி வளரும்?

வரும் ஞாயிறு அவள்தான் நடத்துகிறாள், நான் பேசிவிட்டேன். அண்ணா, நீங்களும் வாருங்கள், விளையாட. அவள் விதி கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பகடையை மட்டும் உருட்டுங்கள்.