பயந்தாள், அதனால் விசுவாசம் இல்லையா?

போன வாரம் நோயில் இறந்த ஓர் அக்காவின் அடக்க ஆராதனையில் கொடுத்த பிரசங்கத்தைப் பற்றித்தான். வீடியோ எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சுற்றி முடித்துவிட்டது, நான் மறுபடி விளக்கத் தேவையில்லை. பெயரும் சொல்லப்போவதில்லை. பெட்டியைக்கூட மூடவில்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் தலைமாட்டில் நிற்கிறார்கள், அப்போது மைக்கில் ஒரு சகோதரர்: "அக்கா கடைசி நாட்கள்ல ரொம்பப் பயந்துட்டாங்க. விசுவாசத்துல இன்னும் கொஞ்சம் உறுதியா இருந்திருக்கலாம்." கூடவே ஓர் அல்லேலூயா. அதற்குப் பந்தலுக்குள்ளிருந்து பதில் அல்லேலூயா வேறு.

சாகப்போகிறவர் பயப்படுவது அவிசுவாசம் இல்லை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்ததை இவர்கள் பெரிய வெள்ளிக்கு மட்டும்தான் வாசிப்பார்கள் போல. இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதியிருக்கிறார். வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது என்கிறார் லூக்கா. இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்று கேட்டவருக்கும் "இன்னும் கொஞ்சம் உறுதியா இருந்திருக்கலாம்" என்று அந்தச் சகோதரர் ஆலோசனை சொல்வாரா? எசேக்கியா ராஜா சாவு வருகிறது என்று கேட்டதும் சுவர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டு மிகவும் அழுதான். ஏசாயா 38. கர்த்தர் அவனைத் திட்டவில்லை. உன் கண்ணீரைக் கண்டேன் என்று சொல்லி 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார்.

என் சித்திக்கு வயிற்றில் கேன்சர். ஞாயிறு பள்ளியில் பாதி ஊருக்குச் சங்கீதம் 23 சொல்லிக் கொடுத்தவள். பரலோகத்தைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. அவள் பயமெல்லாம் வேறு. ராத்திரி எல்லாரும் தூங்கும்போது மூச்சு முட்டிவிடுமோ, வலியில் கத்தி மானம் போய்விடுமோ, சின்னவளுக்குக் கல்யாணம் யார் பார்ப்பார்கள். இதையெல்லாம் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் முறைபோட்டு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்தோம். லைட்டை அணைக்க விடமாட்டாள். கீர்த்தனை பாடச் சொல்வாள், ராகம் தப்பினால் அந்த நிலையிலும் திருத்துவாள்.

அப்புறம் ஜெபிக்கிறோம் என்று ஒரு குழு வந்தது. "பயம் பிசாசுக்குரியது சிஸ்டர், வாயால அறிக்கை பண்ணுங்க, எனக்குப் பயமில்லன்னு சொல்லுங்க." சொன்னாள். மூன்று முறை சொல்ல வைத்தார்கள். அன்றோடு எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். காலையில் தலையணை உறையைப் பிடித்தால் ஈரமாக இருக்கும். பயம் எங்கேயும் போகவில்லை. அதைச் சொல்ல ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான். சாகக் கிடக்கிற ஒருத்திக்குப் பேச்சுத் துணையை இல்லாமல் ஆக்குவதற்குப் பெயர் ஊழியமா?

இப்போது வசனத்தோடு வருவீர்கள், தெரியும். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்." ஐயா, அது பவுல் தீமோத்தேயுவுக்குச் சாட்சி சொல்ல வெட்கப்படாதே என்று எழுதினது. கேன்சர் வார்டுக்கு எழுதினது இல்லை.

"விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த இரத்தசாட்சிகள் பயந்தாங்களா?" என்றும் கேட்பீர்கள். 1752 ஜனவரி 14, குமரி மாவட்டத்துக் காற்றாடிமலையில், கிறிஸ்தவராக மாறிய தேவசகாயத்தைச் சுட்டார்கள். 2022இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது என் பெந்தெகொஸ்தே நண்பர்கள்கூட ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்த மலையில் அவருக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் மறுதலிக்கவில்லை. அதை எடுத்து ஒரு நோயாளியின் தலையில் அடிக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

ஊழியரைக் குறை சொல்லாதே என்பதற்கு "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்பீர்கள். இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அப்படியானால் விசுவாசிக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று என் தம்பியே கேட்டான். நியாயமான கேள்வி. எபிரெயர் 2:15ஐ நிதானமாக வாசியுங்கள். மரணபயத்தினால் ஜீவகாலமெல்லாம் அடிமையாக இருந்தவர்களை விடுதலை பண்ண வந்தார் என்று இருக்கிறது. பயம் வரும். அது நம்மை ஆளவேண்டியதில்லை. சித்தி அந்தப் பயத்தோடேயே உட்கார்ந்து எந்தச் சேலை யாருக்கு என்று பிரித்து வைத்தாள், பத்து வருஷம் பேசாத நாத்தனாரைக் கூப்பிட்டுச் சமாதானம் ஆனாள். சங்கீதம் 23 சொல்லும்போது "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற இடத்தில் மட்டும் குரல் நடுங்காது. நான் கண்ணால் பார்த்த ஜெயம் அதுதான்.

சிசிலி சாண்டர்ஸ் என்று ஓர் அம்மா. நர்ஸாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்து, 1967இல் லண்டனில், சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. வலி வந்து கதறும்வரை காத்திருக்காமல் நேரம் பார்த்து மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுக்கவேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கவேண்டும் என்றார். நம் ஊரில் மார்ஃபின் என்றாலே "அப்போ விசுவாசம்?" என்று கேட்க ஆள் இருக்கிறது. மாத்திரைச் சீட்டை வேதாகமத்துக்குள் ஒளித்து வைத்த வீடு எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று, மனசு கேட்கவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் இதே சகோதரர் எங்கே இருந்தார்? சூம்ல. "பயப்படாதே" என்று அங்கேயிருந்து ஏழு வாரம் தொடர் செய்தி கொடுத்தார். பல ஊர்களில் கவச உடை போட்டுக்கொண்டு நம் ஆட்களைக் குழிக்குள் இறக்கினவர்கள் முஸ்லிம் பையன்கள். அவர் பயந்தது தப்பென்று நான் சொல்லவில்லை. நானும்தான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மனுஷன் பயப்படுவான். அவருக்குக் கிடைத்த அந்தச் சலுகை, செத்துப்போன அந்த அக்காவுக்கு ஏன் இல்லை?

அந்த அக்காவின் 40ஆம் நாள் ஜெபத்துக்கும் அவரைத்தான் கூப்பிடப்போகிறார்களாம். சபைக் கமிட்டியில் இருக்கிறவர்கள் இதை வாசித்தால், பிரசங்கமே வேண்டாம், நாலு பாட்டு பாடி ஜெபம் பண்ணி முடியுங்கள். அந்த மகளைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க அம்மா பயந்ததுல ஒரு தப்பும் இல்லம்மா என்று வயதில் பெரியவர் யாராவது சொல்லுங்கள். கமெண்டில் எனக்கு வசனம் போட வருகிறவர்கள் எபிரெயர் 5:7ஐயும் சேர்த்தே போடுங்கள். "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" என்று அங்கே இருப்பது யாரைப் பற்றி என்று பார்த்துவிட்டு.