கடலில் கலப்பது வீணா?
"மேற்கே ஓடும் தண்ணீர் கடலில் வீணாகிறது, எத்தினஹொளே வந்தால் கோலார் விவசாயம் பிழைத்துவிடும்" என்று ஒரு பதிவில் வந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் தண்ணீரை வறண்ட கோலார் பக்கம் திருப்பும் திட்டம்தான் எத்தினஹொளே. திட்டத்தின் 24 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தண்ணீரில் சுமார் 14 குடிநீருக்கு, மீதி ஏரிகளை நிரப்ப. வாய்க்கால் பாசனத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. அதுவும் நேத்ராவதி ஆற்றில் சேரும் சகலேஷ்பூர் மலை ஓடைகளில் மழைக்காலத்தில் மட்டும் எடுத்து, மோட்டார் போட்டு மேட்டுக்கு ஏற்றும் தண்ணீர். மழை பொய்த்தால் அங்கேயும் வறட்சிதான். நேத்ராவதி கடலில் சேரும் முகத்துவாரத்தை நம்பி மீன்பிடிப்பவர்களுக்கு அது வீண் தண்ணீரும் இல்லை. அந்தப் பதிவின் கீழே ஒருவர் "கோலாருக்கு வேறு வழி ஏது?" என்று கேட்டிருக்கிறார். 2018 முதல் நம்ம பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கே.சி. வேலி (கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் கோலார் ஏரிகளுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது! நான் இருப்பது கே.ஆர்.புரம், மாமனார் ஊர் கோலார் பக்கம். ஆயிரம் அடி தாண்டியும் வெறும் புழுதி கக்கிய போர்வெல்லை மூடி போட்டுக் கைவிட்டிருந்தார்கள். ஏரி நிரம்பிய அடுத்த வருஷம் அதில் தண்ணீர் ஏறி, இப்போது சொட்டுநீரில் தக்காளி நிற்கிறது. ஆனால் அந்த ஏரித் தண்ணீரில் கை நனைக்க மாமியார் இன்னும் தயங்குகிறார், வெயில் நாளில் வாடை தூக்குகிறது. இரண்டு கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் கட்டமும் செய்யுங்கள் என்று அங்குள்ள விவசாயிகள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கான கோடியை மலையில் கொட்டும் அரசு முதலில் அதற்குப் பணம் ஒதுக்கட்டும், ஏரிகளுக்கு வரும் ராஜகால்வாய் (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஆக்கிரமிப்புகளையும் எடுக்கட்டும்.